ராடு ஒட்டுகிறதா? மெஷினைத் திட்டும் முன் வயரைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: செங்கோட்டையில் சிறிய கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் தென்மலை, புனலூர் பக்கம் ஒழுகும் மொட்டைமாடிகளுக்கு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போடும் வேலை வரும். தூக்கிக்கொண்டு ஏற வசதியாக இருக்கும் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். பட்டறையில் நன்றாக ஓடுகிறது. மாடிக்குப் போனால் வெல்டிங் ராடு இரும்பிலேயே ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது. கடையில் கேட்டால் கோளாறே இல்லை என்கிறார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்கே திரும்பிவிடட்டுமா?

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். பட்டறையில் ஒழுங்காக ஓடும் மெஷின் மாடியில் மட்டும் சண்டித்தனம் செய்கிறது என்றால், அதற்குப் போகும் மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் செக்குமாடு. தீனி குறைந்தால் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். இன்வெர்ட்டரின் குணம் வேறு. வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை அது முதலில் 320 வோல்ட் அளவுக்கு டிசியாக மாற்றுகிறது. பிறகு ஐஜிபிடி என்னும் மின்னணு சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அதிர்வெண் அவ்வளவு கூடுவதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தாலே போதும். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள் ஏணி ஏற முடிவது அதனால்தான். ஆனால் 120 ஆம்பியர் என்று திருகி வைத்தால், வருகிற வோல்டேஜ் இறங்கினாலும் அது 120 தரவே பார்க்கும். குறையை ஈடுகட்ட லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கூடுதலாக இழுத்தால் வயரில் இழப்பு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், இன்னும் இழுக்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

கணக்காகவே பார்ப்போம். 3.15 மி.மீ. ராடை, அதாவது 10 கேஜை, 120 ஆம்பியரில் ஓட்டினால் ஆர்க்கில், அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியில், ஏறக்குறைய 25 வோல்ட் இருக்கும். அதுவே 3,000 வாட். மெஷினுக்குள் ஆகும் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்சாரம் முழுவதும் வேலையாக மாறாத குறை) சேர்த்தால் லைனிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கீழ்த்தளத்து பிளக்கிலிருந்து மாடிக்கு 30 மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 60 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் இது 15 வோல்ட்டைத் தின்றுவிடும். 1 சதுர மி.மீ. வயரில் 25 வோல்ட் வரை. வீட்டு லைனே மாலையில் 200-க்கு இறங்கியிருந்தால் மெஷினுக்குப் போய்ச் சேருவது 175. ராடைத் தட்டி ஆர்க் பிடிக்கும் நொடியில்தான் மெஷின் அதிகம் இழுக்கிறது. சரியாக அந்த நொடியில் வோல்டேஜ் படுத்துவிடுவதால் ராடு ஒட்டுகிறது.

இதைச் சோதிப்பது எளிது. மாடியில் மெஷின் செருகியிருக்கும் இடத்தில், எலக்ட்ரீஷியன் ஒருவரை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போது. சும்மா இருக்கையில் 225 காட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. மீட்டர் கிடைக்காவிட்டால் இரண்டு ராடு ஓட்டியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரின் மேலுறையைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்கள் ஆம்பியர் அங்கேதான் எரிகிறது. 4 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்குங்கள். அதே தூரத்துக்கு 6 வோல்ட்தான் போகும். செம்பு நிறத்தில் பளபளக்கும் அலுமினிய வயரை விலை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். உருளையில் சுற்றிய வயராக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கும் இதற்குத் தாங்காது. 32 ஆம்பியர் தனி இணைப்பு வேண்டும். அது இல்லாத வீட்டில் 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர் என்று இறங்கிவிடுங்கள். ட்ரஸ் பைப்புக்கு அதுவே போதும்.

மஞ்சள் விளக்கைப் பற்றி ஒன்று. பல மெஷின்களில் வோல்டேஜ் குறைவுக்கும் சூட்டுக்கும் ஒரே விளக்குதான். கையை நிறுத்தியதும் நொடிகளில் அணைந்தால் வோல்டேஜ். மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்து சில நிமிடம் கழித்து அணைந்தால் சூடு. சூடு என்றால் மெஷினின் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 200 ஆம்பியருக்கு நேரே 30 சதவீதம் என்றிருந்தால், 10 நிமிடத்தில் 3 நிமிடம்தான் அந்த அளவில் ஓட்டலாம் என்று பொருள். அதே மெஷின் 110 ஆம்பியரில் நிறுத்தாமல் ஓடும்.

வயரைச் சரிசெய்தும் ஒட்டினால் ராடைப் பாருங்கள். சாரல் காலத்தில் உங்கள் ஊர்க் காற்றே ஈரம். பிரித்த பாக்கெட்டைத் திறந்தபடி வைத்தால் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டு ராடுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். சாதாரணமாக ஓட்டும் 6013 ரக ராடை 100 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். 7018 ரகம் என்றால் 300 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்கு ராடு அடுப்பு இல்லாமல் முடியாது.

இன்வெர்ட்டர் ராடுக்குத் தருவது டிசி என்பதால், ராடைப் பிடிக்கும் ஹோல்டரை எந்தப் பக்கம் செருகுகிறீர்கள் என்பதும் கணக்கு. மெல்லிய பைப்பில் ஓட்டை விழுந்தால் 6013 ராடுக்கு ஹோல்டரை மைனஸில் போட்டுப் பாருங்கள், ஊடுருவல் குறையும். 7018 ராடுக்கு ஹோல்டர் பிளஸ்தான். ஜிஐ பைப் என்றால் இணைப்பிலும் எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் பட்டிருக்கிறேன். கிரைண்டர் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்தேன். அதன் மின்விசிறி இரும்புத் தூளையெல்லாம் உள்ளே இழுத்து போர்டில் படியவைத்தது. ஒரு நாள் 'பட்' என்ற சத்தத்தோடு கதை முடிந்தது. தூசியை உலர்ந்த காற்றால் அவ்வப்போது ஊதி எடுக்க வேண்டும். மூடியைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். தூறல் விழும்போது மாடியில் ஆர்க் போடவே வேண்டாம். ராடு முனையில் 70 வோல்ட் நிற்கும் மெஷின்கள் உண்டு; நனைந்த கையுறை அதைத் தடுக்காது.

பழைய மெஷினை விற்றுவிடாதீர்கள். தூசி நிறைந்த பட்டறையில் 4 மி.மீ. ராடு போட்டுக் கனமான ஆங்கிள் ஒட்டும்போது அது இன்னும் உங்களுக்கு உழைக்கும். மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.