யார் சமைத்த இடியப்பம்?

அன்பின் அம்மாவுக்கு வணக்கம்.

நான் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவின் ஊர் உரும்பிராய். இந்த முறை நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து ஒரு மாதம் நிற்கப் போகிறேன். யாழ் நகரத்துக்குள் இருக்கிற பிரபலமான கடைகளையெல்லாம் யூடியூப்பில் பார்த்தாயிற்று. நகருக்கு வெளியே, கொக்குவில் தொடங்கிச் சுன்னாகம் வரைக்கும், வெளியாட்களுக்குத் தெரியாத நல்ல சாப்பாட்டுக் கடைகள் ஐந்தாறு சொல்வீர்களா? சுத்தமாகவும் இருக்க வேண்டும். நண்டு போட்ட ஒடியல் கூழ் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்? அப்பாவிடம் கேட்டேன். "எங்கள் காலத்தில் நல்ல குடும்பத்து ஆட்கள் கடையில் கைநனைத்ததே இல்லை, எனக்கு எந்தக் கடை தெரியும்" என்கிறார். அது உண்மையா?

ச., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

கேட்டவற்றில் சிலவற்றை உடனே முடித்துவிடுகிறேன். உங்கள் அப்பா சொன்ன அந்த ஒற்றை வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கூழ். நல்லூரில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் எத்தனையோ வீடுகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது. அந்த நாட்களில் வந்து நின்றுகொண்டு நண்டுக் கூழ் தேடாதீர்கள். தவிரவும் கூழ் வீட்டுச் சாமான். ஒடியல் மாவை ஊறவிட்டுப் பிழிந்து, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், முருங்கையிலை, மீன் தலை, இறால், நண்டு எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சி, சுற்றி இருந்து பனையோலைப் பிளாவில் குடிக்க வேண்டியது. திருவிழா முடிந்த பிறகு உரும்பிராய்ச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

சுத்தம். விடியற்காலையில் அவித்து, எட்டு மணிக்குள் விற்றுத் தீர்த்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிற இடத்தில் பழைய சாப்பாடு எங்கிருந்து வரும்? தண்ணீரில் மட்டும் கவனமாக இருங்கள். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம். ஆனால் "சுத்தமாகச் சமைத்ததா" என்று கடையில் போய் முகத்தைச் சுளித்துக் கேட்டுவிடாதீர்கள், தம்பி. அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய வரலாறு உண்டு. அதற்குத்தான் வருகிறேன்.

கடைகளின் பெயர்களை எழுதித் தர எனக்கு வழியில்லை. நீங்கள் தேடுகிற இடங்களில் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. தகரம் வேய்ந்த ஒரு தாழ்வாரம், முன்னால் ஒரு கண்ணாடி அலுமாரி, உள்ளே உட்கார இரண்டு வாங்கு, அவ்வளவுதான். அவற்றை நேரம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுன்னாகம் சந்தைக்கு விடிகிறபோதே போய்விடுங்கள். வாழைக்குலையும் மரக்கறியும் வந்து இறங்குகிற நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே பசியாறுகிறார்கள் என்று பார்த்து அங்கே உட்காருங்கள். இடியப்பம், சம்பல், சொதி கிடைக்கும். தோசை வாங்கினால் அது சென்னைத் தோசை போல மொறுமொறுவென்று இராது. மெத்தென்று, மஞ்சளாக, வெந்தய வாசத்தோடு, தாளித்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் மாவிலேயே கலந்து இருக்கும். பத்து மணிக்குப் போனால் வெறும் அலுமாரியைத்தான் பார்ப்பீர்கள். மருதனார்மடம் சந்தைப் பக்கமும் இப்படித்தான். பின்னேரம் கடலை வடை, வாய்ப்பன், சூசியம், பிளேன்ரீ. பொழுதுபட்ட பிறகு இணுவில், தாவடி ஒழுங்கைகளுக்குள் நடந்தால் படலையடியில் ஒரு மின்குமிழ் எரிகிற வீட்டில் அப்பம் சுட்டுக்கொண்டிருப்பார்கள். பாத்திரம் கொண்டு போங்கள். நீங்கள் வருகிற காலம் பனங்காய்ப் பணியாரத்துக்கும் ஏற்ற காலம், அதை விட்டுவிடாதீர்கள்.

அந்த இடியப்பம் பெரும்பாலும் அந்தக் கடையில் அவித்ததாக இராது. விடியும் வேளையில் சைக்கிளின் பின்கரியரில் பெட்டி கட்டி வரும். அந்தச் சைக்கிள் புறப்பட்ட ஒழுங்கையையும், சாமத்தில் எழுந்து அரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் போட்டுத் தட்டுத் தட்டாகப் பிழிகிற பெண்ணையும் நான் பார்த்த எந்தக் காணொளியும் காட்டவில்லை.

இனி உங்கள் அப்பாவின் வரி. இதையே கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டிலும் பெருமையாகத்தான் சொல்வார்கள். காசு இல்லாமல் கடையைத் தவிர்த்தவர்கள் அல்லர் அவர்கள். குசினிக்குள் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதே, எந்தச் சாதிக்காரர் கை பட்ட சாப்பாடோ என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் நல்ல குடும்பத்து வழக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். உங்களுக்கும் அது கடல் கடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

அதே காலத்தில் கடைக்குள் வந்து வாங்கில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்தி, சிரட்டையிலும் தகரப் பேணியிலும் சோடாப் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பேணி கடை வாசலில் ஆணியில் தொங்கியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கடையில் மறிப்பது குற்றம் என்றது. சட்டம் வந்து பல ஆண்டுகள் போயும் பேணி ஆணியிலேயே தொங்கியது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண முற்றவெளி நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. புறப்பட்ட இடத்திலேயே பொலிசார் தடியால் அடித்தார்கள். அடித்த பிறகும் ஊர்வலம் போனது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையில் அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் விடக் கேட்டு அதன் வாசலில் மறியல் நடந்தது. கோயில் கதவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். தேநீர்க் கடை வாங்கைப் பற்றிப் பேச்சே குறைவு. கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போகலாம், திருவிழாவுக்குப் போகலாம். தேநீர்க் கடைக்கு வேலை செய்து களைத்த மனிதன் தினமும் போவான். தினமும் ஒருவனை வெயிலில் நிறுத்திப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோமே, அந்த அவமானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நீங்கள் இடியப்பம் தேடிப் போகப் போகிற காங்கேசன்துறை வீதிதான் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற வீதி. அங்கே எந்தக் கடையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் சாப்பிட்டதில்லை என்று யாராவது பெருமை பேசினால், விருப்பமில்லாமல் சாப்பிடவில்லையா, விடாததால் சாப்பிடவில்லையா என்று அவரிடமே கேளுங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வந்ததால், யாழ் நகரையும் இந்த ஊர்களையும் உள்ளடக்கிய வலிகாமமே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அம்மாவும் நானும் என் சின்ன மகளும் அதற்குள் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கினோம். அங்கே பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். எனக்கு முன்னால் ஒரு வயதானவர், வேட்டி முழுக்கச் சேறு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அகப்பை பிடித்து நின்ற பெண்ணைப் பார்த்து, "காய்ச்சியது யார்?" என்று கேட்டார். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களுக்கும் விளங்கியது. வீடு போயிற்று, வளவு போயிற்று, நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாது. அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடாமல் தூக்கிக்கொண்டு பாலம் கடந்திருந்தார். அம்மா வரிசையை விட்டு முன்னால் போய், அவருக்கும் கிடாரத்துக்கும் நடுவில் நின்று கோப்பையை நீட்டினார். "பிள்ளைக்கும் எனக்கும் ஊற்று மகளே" என்றார். அவள் ஊற்றினாள். அந்த மனிதர் அன்று குடித்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

அப்படி நின்ற என் அம்மாவே அடுத்த ஆண்டு வலிகாமம் திரும்பியதும் ஒன்றுக்கு அஞ்சினார். வருமானத்துக்கு வேறு வழியில்லாமல் சந்திக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினார். "கடைக்கு அவித்துக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டீர்களா" என்று உறவுக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதனால் ஊரடங்கு எடுத்ததும் எடுக்காததுமாக, ஒழுங்கையில் ஆள் நடமாட முன் பெட்டியை அனுப்பிவிடுவார். அவித்தது யார் என்று வெளியே சொல்ல வேண்டாம் என்று கடைக்காரரிடம் கேட்டும் வைத்திருந்தார். அந்த இடியப்பத்தைச் சந்தியில் சாப்பிட்டவர்கள் புகழ்ந்தார்கள். பூப்போல அவிந்திருக்கிறது என்றார்கள். புகழெல்லாம் கடைக்காரருக்குப் போனது. அம்மாவின் உள்ளங்கையில் உரல் பிடித்துக் காய்த்த தழும்பு கடைசிவரை மாறவில்லை.

பருத்தித்துறை ஓடக்கரையில் மதிலில் விட்ட துவாரம் வழியாகத் தோசை விற்பதை நீங்களும் யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். காசை நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை தோசையைத் தரும். படம் எடுக்கிறவர்கள் அதை வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். எனக்கோ அம்மா கடைக்காரரிடம் கெஞ்சியதுதான் நினைவுக்கு வருகிறது. தன் வீட்டுக் குசினியில் உழைத்துப் பிழைக்கிற பெண்ணின் கை வெளியே வரலாம், முகம் வரக் கூடாது. வெளியாட்களுக்குத் தெரியாத ருசி என்று ஆவலாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சமைத்தவர்களை நாங்கள்தான் இப்படி மறைத்து வைத்தோம். அதனால்தான் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வடக்கு மாகாண சபைக் காலத்தில் அதன் விவசாய அமைச்சு தொடங்கிய உணவகம் அது. அங்கே பெண்கள் வாடிக்கையாளர் பார்க்க நின்று தோசை சுடுகிறார்கள், புட்டு அவிக்கிறார்கள், காசையும் தங்கள் கையால் வாங்குகிறார்கள். அது உங்கள் பட்டியலில் சேராது என்று தெரியும், எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனாலும் போங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸுக்கு வரிசையில் நின்று கிடைக்காமல் இந்தப் பெண்கள் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். கோதுமை மா விலை ஏறியது, அரிசி ஏறியது, தேங்காய் ஏறியது. இடியப்பத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டியதும் படலையில் நின்று சண்டை பிடித்தவர்களை நான் பார்த்தேன். நகரத்து ஹோட்டலில் சேவைக் கட்டணத்தோடு வருகிற பில்லுக்கு இவர்கள் வாய் திறப்பதில்லை. நீங்கள் பேரம் பேசாதீர்கள். டொலரில் மாற்றிப் பார்த்து "எவ்வளவு மலிவு" என்று அவர்கள் காதுபடச் சொல்லவும் வேண்டாம். சாமத்தில் எழுந்தவளுக்கு அது பாராட்டாகக் கேட்காது.

சாப்பிட்டு முடித்த பிறகு கடைக்காரரிடம், அவித்தது யார் என்று கேளுங்கள். அந்த மண்டபத்தில் கேட்ட அதே கேள்விதான், நீங்கள் கேட்பது நன்றி சொல்வதற்கு. வீட்டைக் காட்டினால் படலையில் நின்று, "இடியப்பம் நன்றாக இருந்தது அக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். காட்டாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் என் அம்மாவைப் போல அஞ்சுவதற்குக் காரணம் இருக்கலாம். படம் எடுக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் உங்கள் அப்பாவிடம் எனக்காக ஒரு செய்தி கேட்டு வாருங்கள். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் உரும்பிராய்ச் சந்தித் தேநீர்க் கடைகளில் எத்தனை வகைக் குவளை இருந்தது, வாசலில் நின்று குடித்தவர்கள் யார், அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் யாராவது அங்கே நின்றார்களா? அவருக்கு நினைவு இருக்கும். என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அவர் எழுதுவதை ஒரு வரியும் வெட்டாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.