ஸ்ட்ராட்டா மேனேஜரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

சிட்னியில் புதிதாக யூனிட், அதாவது அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறீர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை லெவி என்ற பொதுச் செலவுப் பங்கைக் கட்டுகிறோமே, கட்டடத்தின் பொது விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ட்ராட்டா மேனேஜர் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். வென்ட்வொர்த்வில்லில் 18 யூனிட் உள்ள பழைய செங்கல் கட்டடத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், இரண்டு வருடம் ஓனர்கள் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இருந்தேன்.

முதலில் ஒன்று, அவர் கட்டடத்துக்கு முதலாளி கிடையாது. ஓனர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் ஓனர்ஸ் கார்ப்பரேஷன், அது காசு கொடுத்து வைத்திருக்கும் ஏஜென்ட் அவர். பொதுப் பகுதியைப் பழுது பார்ப்பது நியூ சவுத் வேல்ஸின் 2015 ஸ்ட்ராட்டா சட்டம், 106ஆம் பிரிவுப்படி ஓனர்ஸ் கார்ப்பரேஷனின் கடமை. அந்த வேலையை நகர்த்துவதற்குத்தான் மேனேஜர்.

மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்து, எங்கள் குளியலறைக் கூரையில் தோசைக்கல் அளவுக்கு மஞ்சள் கறை வந்தது. விரலால் அழுத்தினால் பிளாஸ்டர் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. மேனேஜருக்கு எழுதினால், "மேல் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரி பதில். ஆனால் கட்டடம் கட்டியபோதே போட்ட குளியலறைத் தரை டைலும் அதற்கடியில் இருக்கும் நீர்க்காப்புப் பூச்சும் பெரும்பாலான கட்டடங்களில் பொதுச் சொத்து. எது பொதுச் சொத்து, எது தனி வீடு என்று காட்டும் ஸ்ட்ராட்டா பிளானையும் தேதி போட்ட போட்டோக்களையும் சேர்த்து அனுப்பி, அவரை விடாமல் துரத்தி, பிளம்பர் வருவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது, என் மாமியார் அதுவரை அந்தக் குளியலறைக்குள் போகவே பயந்தார். அந்த அலட்சியத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த ஏஜிஎம்மில், அதாவது ஓனர்களின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில், ஓட்டுப் போட்டு ஆளை மாற்றினோம். மேனேஜரின் ஒரு நியமனம் அதிகபட்சம் 3 வருடம்தான், அது முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

கசிவு என்றால் இரண்டு வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும், இது என் அளவுகோல். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மூன்று கொட்டேஷன் காட்ட வேண்டும், குறைந்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், தனக்கு வரும் கமிஷனையும் சொல்ல வேண்டும், இதெல்லாம் சட்டம். கணக்கு, மினிட்ஸ் என்ற கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் கட்டணம் கட்டி நீங்களே பார்க்கலாம்.

அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தை நிறுத்த அவர் வர மாட்டார், பெரிய செலவைக் கமிட்டியோ கூட்டமோ ஒப்புக்கொள்ளாமல் செய்யவும் முடியாது. அதற்கு அவரைத் திட்டுவது நியாயமில்லை. மேனேஜரோடு போட்ட ஒப்பந்தத்தில் கட்டண அட்டவணை இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்களுடையதில் ஒவ்வொரு கூடுதல் கடிதத்துக்கும் தனிக் காசு என்று இருந்தது, அது எங்களுக்குத் தெரியவே நாலு வருடம் ஆனது.