யப்பான் செர்ரி என்று வாங்கிய மரம்: இது கிரேப் மிர்ட்டில்

கோப்பாய் வளவில் நிற்கிற மரம் தையில் இலை கொட்டுது, பட்டை உரியுது, இது யப்பான் செர்ரிதானோ என்று கேட்டிருந்தீங்கள். இல்லை. நீங்கள் அனுப்பின படத்தில் இருக்கிறது கிரேப் மிர்ட்டில் (லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா). சீனாவிலை முற்றங்களில் காலங்காலமாய் வளர்க்கிற மரம். தெற்கில் சிங்களத்தில் முருத என்கிற பூமருதுக்குச் சொந்தம். ஆனால் பூமருதின் இலை சாணளவு வரும், உங்கடை மரத்து இலை விரல் நீளம்தான்.

பூவொன்றைப் பிச்சு வடிவாய்ப் பாருங்கோ. கசங்கின பட்டுத்துணி மாதிரி இதழ் 6, ஒவ்வொன்றும் அடியில் நூல்போல ஒடுங்கியிருக்கும். ஒற்றையடுக்குச் செர்ரிப் பூவுக்கு 5 இதழ், சுருக்கமில்லை. செர்ரி இலை விளிம்பில் வாள்பல் இருக்கும், பட்டையில் குறுக்குக் கோடுகள் ஓடும். அதோடை செர்ரி மொட்டு விரியக் குளிர்காலம் வேணும். யாழ்ப்பாணத்து வெக்கையில் அது நடவாத காரியம். இளங்கொப்பை விரலால் உருட்டிப் பாருங்கோ, நாலு மூலை தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

பூ குறைவு என்றீங்கள். இது புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே இலை கொட்டினபிறகு, துளிர்க்க முன்னம், பென்சில் தடிப்புக்குக் குறைந்த கொப்புகளை மட்டும் வெட்டுங்கோ. தடித்த கொப்பை மொட்டையடித்தால் மெல்லிய தடிகள் கும்பலாய் வந்து பூப்பாரத்தில் தொங்கிப்போகும். மாமர நிழல் பட்டாலும் பூ வராது, இலையில் வெள்ளைப் பூஞ்சணம்தான் வரும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது, எங்கடை சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாததால். கீலேட் இரும்பு (சுண்ணாம்பு மண்ணிலும் வேர் உறிஞ்சக்கூடிய இரும்பு உரம்) போட்டு, மக்கின மாட்டெருவும் தாருங்கோ. யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும்.