நுகர்வோர் கேள்வி-பதில்: பென்சிலில் வீடு வரைய என்ன வாங்குவது?

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். அதற்கு முன் அதன் முகப்பைப் பெர்ஸ்பெக்டிவ் முறையில் (தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரியும்படி) பென்சிலால் வரைந்துவைக்க மகள் விரும்புகிறாள். 24 பென்சில் டப்பாதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். (வாசகி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம், நான்கு பென்சில்களைத் தனித்தனியாக வாங்குங்கள். பென்சிலில் எச் என்பது கடினத்தையும் பி என்பது கருமையையும் குறிக்கும். பார்ப்பவரின் கண் உயரத்தில் கிடையாகப் போடும் கண்மட்டக் கோட்டையும், அதன் மேல் இணைகோடுகள் சென்று சேர்வதுபோல் தெரியும் மறைபுள்ளிகளை நோக்கி ஓடும் துணைக்கோடுகளையும் மெலிதாகப் போட 2எச், திண்ணை, தூண், வாசற்கால் ஆகியவற்றின் உருவத்தை உறுதிசெய்ய எச்பி, ஓட்டு வரிசைகளின் நிழலுக்கு 2பி, கூரையடியில் தேங்கும் இருட்டுக்கு 4பி என இவையே போதும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அத்தகைய டப்பா ஒன்றை வாங்கினேன். அதிலிருந்த கடினமான எச் வகைகள் ஒருமுறைகூடச் சீவப்படாமல் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன, அந்தப் பணத்தில் நல்ல தாள் வாங்காமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. வாங்கும்போது பென்சிலின் பின்முனையைப் பாருங்கள். கிராஃபைட் குச்சி மரத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், சீவும்போது ஒருபுறம் மரம் மூடிக்கொள்ளும், முனையும் எளிதில் ஒடியும்.

கேள்வி: 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் மட்டும் போதுமா?

பதில்: கோட்டுக்குப் போதும், நிழலுக்குப் போதாது.

கேள்வி: 200 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்ட ஏ3 வரைதாள் கட்டு வாங்கினேன். இரண்டு முறை ரப்பர் போட்டதும் தாள் பஞ்சாகப் பிரிகிறது. (வாசகர், மதுரை)

பதில்: உங்களைப் போல் ஏமாந்தவர்களின் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனெனில் வீட்டுப் படத்துக்குத் தாளைவிட முக்கியமான பொருள் வேறில்லை. ஒரு ஜன்னலைச் சரியான இடத்தில் வைக்கவே நான்கைந்து துணைக்கோடுகள் போட்டு அழிக்க வேண்டும். முகப்பு முழுவதும் வரைந்து முடிப்பதற்குள் தாள் எத்தனை முறை ரப்பரைத் தாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதைக் குறிக்கிறது. எட்டு ஏ3 தாள்களைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வரும். ஆகவே எட்டுத் தாள்களை எண்ணி எடுத்து, மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் வையுங்கள். 200 கிராம் அளவில் காட்ட வேண்டும். 150 காட்டினால் அட்டையில் அச்சிட்டது பொய். தராசின் எண் தெரியும்படி படம் எடுத்து, பில்லையும் மேலட்டையையும் பத்திரப்படுத்தி, மாற்றித் தரும்படி கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். எடை சரியாக இருந்தும் தாள் பிரிந்தால், வரைதாள் என்று விற்ற பொருள் வரைவதற்கு உதவவில்லை என்பதே உங்கள் புகாராகட்டும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஆறு பென்சில்களும் சீவச் சீவ ஒடிகின்றன. திறந்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்பவர். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: சீவிப் பார்க்காமல் இந்தக் குறையை எவராலும் கண்டறிய முடியாது, எனவே உங்கள் மீது தவறில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: ஏ4 நோட்டில் வரைந்த வீடு கப்பல் முனை போலக் கூராக நிற்கிறது. நோட்டைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? பில் வாங்கவில்லை.

பதில்: கேட்க முடியாது. நோட்டில் எந்தக் குறையும் இல்லை, 29.7 செ.மீ. நீளத்துக்குள் இரண்டு மறைபுள்ளிகளையும் அடக்கியதுதான் குறை. புள்ளிகள் நெருங்க நெருங்க வீட்டின் மூலை கூர்மையாகத்தான் தெரியும். தாளைப் பெரிய பலகையின் நடுவில் ஒட்டி, புள்ளிகளைத் தாளுக்கு வெளியே இருபுறமும் தள்ளிக் குறியுங்கள். பில் கேட்டு வாங்குங்கள் என்று இப்பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். வாங்காமல் வந்துவிட்டு என்னிடம் வழி கேட்டால் நான் என்ன செய்ய இயலும்?

கேள்வி: மூலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே அறிவது எப்படி?

பதில்: ஒரு ஸ்கேலின் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி, செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். ஸ்கேலை அசைக்காமல் மூலைமட்டத்தை மறுபக்கமாகப் புரட்டி, அதே அடிப்புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். மேலே போகப் போக இரண்டு கோடுகளும் பிரிந்தால் அது 90 பாகை அன்று, வாங்காதீர்கள்.