நீதிதேவதையின் கண்ணைக் கட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

செபாஸ்டியன் பிராண்ட் எழுதிய ‘முட்டாள்களின் கப்பல்’ என்ற ஜெர்மன் கேலிக்கவிதை நூலைப் பற்றிய உங்கள் கட்டுரையில் மரச்செதுக்குப் படங்களை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன், பிரமாதமாக இருக்கின்றன. எழுத்தறியாதவர்களுக்காகச் சேர்த்த படங்களா இவை? ஜெர்மன் ஓவியர் டியூரர் செதுக்கியவை என்கிறார்களே, உண்மையா?

கவிதா

அன்புள்ள கவிதா,

இரண்டு வரியில் கடந்தது என் தப்புதான். எழுதிப் பிழைக்கிறவனுக்குப் படம் என்றால் கொஞ்சம் இளக்காரம்.

டியூரர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புத்தகம் 1494ல், இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கும் பாசல் நகரில் வெளியானது. டியூரருக்கு அப்போது 22 வயது. 100க்கு மேற்பட்ட படங்களில் பெரும்பகுதி அவர் வரைந்தது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். படங்களில் கையெழுத்து இல்லை, கோடு ஓடும் விதத்தை வைத்துச் சொல்வதுதான். ஆனால் ‘செதுக்கியவை’ என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர். பலகையில் வரைந்த கோட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மரத்தையெல்லாம் செதுக்குபவர் வெட்டி எடுப்பார். மேடாக நிற்கும் கோட்டில்தான் மை ஏறும். ஈய எழுத்தும் அப்படி மேடாக நிற்பதுதான். எனவே படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சடித்துவிடலாம். கோட்டைப் பள்ளமாகக் கீறும் செப்புத்தகட்டுப் படத்துக்கு இந்த வசதி கிடையாது.

சரி, எழுத்தறியாதவர்களுக்கு வருவோம். படிக்கத் தெரியாதவர் படத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிராண்டே முன்னுரையில் சொல்கிறார். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். காக்கைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுதைக்காதுக் குல்லா போட்ட முட்டாளோடு காக்கைகள் ‘கிராஸ், கிராஸ்’ என்று கரைகின்றன. லத்தீனில் ‘கிராஸ்’ என்றால் ‘நாளைக்கு’. எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளுகிறவனைப் பற்றிய பாட்டு அது. லத்தீன் அறியாதவனுக்கு அதில் தெரிவது வெறும் காக்கை. (இந்தப் பதிலை மூன்று வாரம் தள்ளிப்போட்டவன் எழுதுகிறேன்.)

படித்தவனும் நிறுத்திப் பார்க்க வேண்டிய படம் 71ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. சின்னச் சண்டைக்கெல்லாம் வழக்குப் போட்டு இழுத்தடிப்பவர்களைப் பற்றியது. கையில் வாளும் தராசுமாக நீதிதேவதை உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் நிற்கும் முட்டாள் அவள் கண்ணைத் துணியால் கட்டுகிறான். நீதிதேவதையைக் கண்கட்டோடு காட்டும் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. ஆள் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதன் அடையாளம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தத் துணிதான். இங்கே அது கேலி. பிராண்ட் பாசலில் சட்டம் கற்பித்தவர், வழக்காடிகளின் குறும்பு அவருக்குத் தெரியாததா? 1507ல் வந்த, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரின் குற்றவியல் சட்டநூலிலும் ஒரு மரச்செதுக்கு உண்டு. அதில் நீதிபதிகள் வரிசையாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தலையில் முட்டாள் குல்லா.

அப்புறம் எப்படியோ அர்த்தம் தலைகீழாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1543ல் ஹான்ஸ் கீங் செய்த நீதி நீரூற்றுச் சிலைக்கும் கண்கட்டு உண்டு, ஆனால் கம்பீரமாக நிற்கிறாள். காலடியில் போப், பேரரசர், சுல்தான், நகரத் தலைவர் என்று நான்கு பேர். துணியைக் கட்டிய முட்டாளை மட்டும் அங்கே காணோம்.