நான்கு பேர் முன்னால் என்னைக் குறை சொல்கிறாள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 55. வேலூர் சத்துவாச்சாரியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பொருள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. ஒரே மகள், 26 வயது. சென்னையில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, ஞாயிறு மாலை திரும்பிப் போவாள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, எங்களுக்குள் சந்தேகம் இல்லை, மாமியார் மருமகள் சண்டையும் இருந்ததில்லை. எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். என் மனைவி நான்கு பேர் முன்னால் என்னைக் குறைத்துப் பேசுகிறாள்.

ஒவ்வோர் ஆண்டும் வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தத்தில் என் மைத்துனர் வீட்டில் உறவினர் அனைவரும் கூடுவோம். இந்த ஆண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வு பெறப்போகும் என் சகலை, வரும் பணத்தை எதில் போடலாம் என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, “பணத்தைப் பற்றி இவரிடமா கேட்கிறீர்கள்? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நான்கு லட்சத்தை, அதிக வட்டி தருகிறேன் என்றவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பையன்கூடச் சிரித்தான். கணக்குப் பார்த்தே 30 ஆண்டுகள் பிழைப்பு நடத்தியவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அந்த நிறுவனத்தில் நான் ஒருவன் மட்டுமா ஏமாந்தேன்?

இது முதல் முறை இல்லை. வாலாஜாவில் ஒரு திருமணத்தில், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவார் என்றாள். போன ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போனபோது, என் அலுவலக நண்பர் குடும்பத்தின் எதிரில், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுகூடத் தெரியாது என்றாள். சிறிய விஷயங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்துகிறது. குடியாத்தத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. வெளியாட்கள் முன் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சமையலோ, தன் தம்பிகளுக்கு அவள் கொடுக்கும் இடமோ, எது பிடிக்காவிட்டாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொல்வேன். சத்தம் போடுவேன், மறுக்கவில்லை. மகள் இருந்தால், “உன் அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது” என்று அவளிடம் சொல்வதும் உண்டு. அது வீட்டுப் பேச்சு, நான்கு சுவரைத் தாண்டாது.

மகளுக்கு வரன் பார்த்து வருகிறோம். ஆவணியில் திருவண்ணாமலையிலிருந்து ஒரு குடும்பத்தார் பெண் பார்க்க வருகிறார்கள். ஆரணியிலிருந்து என் அண்ணன் வந்து பேசினால் போதும், அப்பாவும் அம்மாவும் அதிகம் பேச வேண்டாம் என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்னப் பெண், ஏதோ பயம்; அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது குடியாத்தத்தைப் பற்றி. அன்று சிரித்தவர்கள் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்?

இனி விசேஷங்களுக்கு அவளோடு சேர்ந்து போவதை நிறுத்திவிடலாமா? அவளுடைய அண்ணனை விட்டுச் சொல்லச் செய்யலாமா? நீங்கள் எழுதும் பதிலை மகளிடம் காட்டலாம் என்று இருக்கிறேன். தவறு யாருடையது என்று அவளே சொல்லட்டும்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சத்துவாச்சாரி

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் உங்களுக்கு ஏற்பட்ட வலி உண்மையானது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். கடிதத்தைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது, நீங்கள் “அதை விடுங்கள்” என்று சொல்லித் தாண்டிப் போன செய்தி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெரியப்பா பேசட்டும், அப்பாவும் அம்மாவும் அதிகம் பேச வேண்டாம் என்கிறாள் உங்கள் மகள். என்னால் அதை விட முடியவில்லை.

தனியாக ஒரு பெருநகரில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் 26 வயதுப் பெண்ணைச் சின்னப் பெண் என்று சொல்லி அவளுடைய சொல்லை ஒதுக்காதீர்கள். பெண் பார்க்கும் நாளில் பெரியப்பாவும் மாமாவும் உடன் இருப்பார்கள். ஆனால் வந்தவர்களை வரவேற்பதும், பெண்ணைப் பற்றிச் சொல்வதும், பேச்சை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதும் தந்தையின் உரிமை. தந்தை நல்ல உடல்நலத்தோடு பக்கத்தில் இருக்கும்போதே அந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு மகள் கேட்கிறாள் என்றால், அதைக் கேட்பதற்குமுன் அவள் எவ்வளவு யோசித்திருப்பாள்! நீங்கள் ஒன்று சொல்லத் தொடங்குவீர்கள், அம்மா அதைத் திருத்துவார், உங்கள் முகம் மாறும், வந்தவர்கள் அதைக் கவனிப்பார்கள், அவர்கள் போன பிறகு கதவு சாத்தப்படும். இதையெல்லாம் அவள் கற்பனை செய்ய வேண்டியதில்லை, பார்த்தே வளர்ந்திருக்கிறாள். அம்மாவை மட்டும் பேச வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் இருவரையும் சேர்த்தே சொல்கிறாள்.

வெளியாட்கள் முன் மனைவியை ஒரு வார்த்தை சொன்னதில்லை என்கிறீர்கள்; நம்புகிறேன். ஆனால் வாசற்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவதெல்லாம் இருவருக்குள் பேசுவதாகிவிடும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தவறுகிறீர்கள். கணவன் மனைவியைக் குறை சொல்லும்போது மூன்றாவதாக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அது சபைதான். அந்த ஒருவர் பெற்ற பிள்ளையாக இருந்தால், எழுந்து போக வழியில்லாத சபை. திருமண வீட்டில் கேட்டவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகளோ, இரவு நீங்கள் சத்தம் போட்டதைக் கேட்டுவிட்டு, காலையில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதே அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. 

மரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்து ஒன்றை எடுத்துக் காட்டினார். இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது அவர்கள் தம்மையறியாமல் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய இறுக்கம் சற்றுக் குறையும், அதில் ஒரு பங்கு மூன்றாமவர்மேல் ஏறும். “உன் அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது” என்ற உங்கள் வாக்கியத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அது மனைவியைக் குறித்த சொல், ஆனால் மகளிடம் சொல்லப்பட்டது. ஆமாம் என்றால் அம்மாவுக்குத் துரோகம், இல்லை என்றால் உங்களுக்குக் கோபம். அந்தப் பெண் என்ன பதில் சொல்ல முடியும்?

இனி உங்கள் மனைவிக்கு வருகிறேன். வீட்டில் சத்தம் போடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சத்தம் போடுகிறவரிடம் பதில் சொல்ல முடியாதவர், அவரால் சத்தம் போட முடியாத இடம் வரும்வரை காத்திருப்பார். அண்ணன் வீட்டுப் பந்தியில் நீங்கள் குரலை உயர்த்த முடியாது. அவரைச் சுற்றி அவருடைய மனிதர்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாரும் அதைச் சண்டை என்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் பேசக் கிடைக்காத ஒன்றை அவர் அங்கே பேசுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த 4 லட்சத்தைப் பற்றி நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து, கோபமில்லாமல் ஒருமுறையாவது பேசியதுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வைகாசிப் பந்தியில் நான்கு பேர் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கிறது. மகளின் திருமணத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று உங்கள் மனைவிக்குள் இருக்கும் பயம் உங்களை எட்டவில்லை. 

இதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. இதை அவரும் படிப்பார் என்ற எண்ணத்தோடு சொல்கிறேன்: கணவருடைய தோல்வியைப் பந்தியில் வைத்துப் பேசியது பெரிய தவறு. இருவருக்குள் சொன்ன கடுஞ்சொல்லை இருவருமே பிறகு மாற்றிக்கொள்ள முடியும். இரவு சண்டை போட்டவர்கள் மறுநாள் மருத்துவமனைக்கு ஒன்றாகப் போவார்கள், ஒருவருக்கு ஒருவர் காபி போட்டுக் கொடுப்பார்கள், சொல் தேய்ந்துவிடும். பந்தியில் கேட்டவர்களுக்கு அந்த மறுநாள் தெரியாது. உங்கள் சகலையிடம் போய், நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவர் நினைவில் அந்தச் சிரிப்பு மட்டுமே தங்கும், அடுத்த விசேஷத்தில் அவரும் அதே பேச்சை எடுக்க உரிமை பெற்றுவிடுவார். இருவருக்குள் மன்னிக்கப்பட்டது ஊருக்குள் மன்னிக்கப்படாமலே கிடக்கும். 

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து தம்பதியரைப் பேசவிட்டு, அவர்களுடைய சொற்களையும் முகக்குறிப்புகளையும் நாடித் துடிப்பையும் பதிவு செய்து ஆராய்ந்தவர். நடந்த ஒரு செயலைப் பற்றி வருத்தம் சொல்வதையும், ஆளையே குறை சொல்வதையும் அவர் பிரித்துக் காட்டினார். “என்னைக் கேட்காமல் பணத்தைப் போட்டது எனக்குப் பயமாக இருக்கிறது” என்பது முதல் வகை. “இவருக்குப் பணத்தைப் பற்றி என்ன தெரியும்” என்பது இரண்டாம் வகை. இரண்டாவதில் ஏளனம் கலந்துவிட்டால், அதுவே மணமுறிவை எல்லாவற்றையும்விடத் தெளிவாக முன்கூட்டிக் காட்டுகிறது என்பது அவருடைய முடிவு. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் அளவுக்குப் பதற்றம் ஏறிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் ஏறாது என்றும் அவர் சொல்கிறார். வீட்டில் பதற்றம் ஏறினால் மாடிக்குப் போகலாம், ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். பந்தியில் சிரித்த முகத்தோடு இலை முன் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லப்படும் குறை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது யாரையும் திருத்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுடைய “உன் அம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது” எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தரிக்காயையும் ரத்தினகிரியையும் பற்றி எழுதப்போவதில்லை. இந்த ஒன்று சரியானால் அவை தாமாகவே சிறுத்துவிடும். மைத்துனரை விட்டுச் சொல்லச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், அது இன்னொரு மூன்றாமவரை இழுத்து வரும் வேலை. விசேஷங்களுக்குத் தனித்தனியாகப் போவதும் வேண்டாம். தனியாக வரும் உங்களைப் பார்க்கிறவர்கள் குடியாத்தத்தைத்தான் நினைப்பார்கள்.

மகள் சென்னையில் இருக்கும் ஒரு வார நாளில் மனைவியோடு உட்காருங்கள். குடியாத்தத்தில் தொடங்காதீர்கள், தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார், நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். மகள் சொன்னதைச் சொல்லுங்கள். அவள் நம் இருவரையும் பேச வேண்டாம் என்கிறாள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது என்று அதே சொற்களில் சொல்லுங்கள். அந்தக் கவலை உங்கள் இருவருக்கும் பொதுவானது என்பதால், பல காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கத்தில் நின்று பேசும் வாய்ப்பு உண்டு. பிறகு 4 லட்சத்தைப் பற்றி அவர் என்ன சொன்னாலும், முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அன்று பந்தியில் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை அவர் பேசி முடித்த பிறகு சொன்னால் போதும்.

ஆவணியில் மகள் கேட்டபடியே உங்கள் அண்ணன் பேசட்டும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு வாழ்க்கையின் பெரிய நாள்களில் அது ஒன்று, பதற்றமில்லாமல் கடக்கட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் வீட்டில் இருக்கும் சனி ஞாயிறுகளில், அவள் காதுபட மனைவியைப் பற்றி நீங்கள் உண்மையாக மதிக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். 28 ஆண்டு, 30 ஆண்டு குடும்பம் நடத்தியவர்களுக்கு அப்படி ஒன்றுகூட இல்லாமல் போகாது. மகள் எதிரில் சொன்ன குறைகளை மகள் எதிரில்தான் சரிசெய்ய முடியும். தனியறையில் கேட்கும் மன்னிப்பு மனைவிக்குப் போதலாம், அவளுக்குப் போதாது. பெற்றோர் சண்டையிடுவதைக் காட்டிலும், அது தீராமல் நிற்பதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சண்டையின் தொடக்கங்களை மட்டும் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, அது முடிவதையும் பார்க்கக் கொடுங்கள்.

இந்தப் பதிலை மனைவியிடம் காட்டுங்கள், இருவரும் சேர்ந்தே படியுங்கள். மகளிடம் காட்ட வேண்டாம். தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவளை இன்னொரு முறை உட்கார வைக்காதீர்கள்.