ஜூனில் அங்கே கொட்டும் மழை

கேள்வி: தென் அமெரிக்காவின் சூரிநாம் நாட்டில், சிபலிவினி மாவட்டத்து மர ஆலையில் என் மகனுக்கு வேலை இருப்பதாக முகவர் ஒருவர் சொல்கிறார். ஜூனில் மழை இராதாம், நுவரெலியா போலக் குளிராம், தலைநகரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாமாம். நம்பலாமா? (ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: நம்பாதீர்கள் அம்மா.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே பெருமழைக்காலம். ஜூன் அதன் நட்டநடுவில் இருக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். அங்கே டிசம்பரில் இன்னொரு சிறுமழைக்காலமும் உண்டு. குளிர் என்பதும் புளுகு. அந்த இடம் நம்மைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஆயிரம் மீற்றரைத் தாண்டிய மலைகள் சில உண்டுதான், ஆனால் மர ஆலையை யாரும் அங்கே கட்டுவதில்லை. வெப்பம் நம்மூர் அளவுதான். கடற்காற்று இல்லாததால் துவைத்த உடுப்பு காயாது.

அப்படியானால் மழை விட்டபின் போகலாமே என்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல். தலைநகர் பரமாரிபோவிலிருந்து தெற்கே போகும் பாதை அத்யோனி என்ற ஆற்றுத்துறையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் படகு, இல்லாவிட்டால் சிறு விமானம். ஆறு நிறைந்து ஓடும்போது பாறைகள் நீருக்குள் அமிழ்ந்துவிடும், படகு சுலபமாகப் போகும். ஓகஸ்டுக்குப் பின் நீர் வற்ற வற்றப் பாறைகள் தலைகாட்டும். ஆட்கள் இறங்கிப் படகைத் தள்ளவேண்டி வரும். ஆகவே வேலைக்கு மழை கெடுதல், பயணத்துக்கு வறட்சி கெடுதல். வற்றாத ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு இதை ஊகிப்பது கடினம். நம் புவியியல் பாடமோ அந்தப் பக்கத்து அமேசன் காட்டை ஒரு படத்தோடு முடித்துவிடுகிறது.

மழையைவிட எனக்குப் பயம் தருவது அந்த முகவர்தான். சுவரில் உரிமம் தொங்கினால் போதாது. அது காலாவதியாகாததா, இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு ஆள் அனுப்ப அனுமதி உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரில் கேளுங்கள். இந்த அலைச்சலை ஏன் பெற்ற தாயின் தலையில் கட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடவுச்சீட்டை அவர் கையில் விட்டுவைக்காதீர்கள். மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்றால், அந்த நாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் திரும்பி வரும்போது இலங்கையிலேயே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

இன்னொன்று, மாவட்டத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சிபலிவினி ஏறக்குறைய இரண்டு இலங்கை அளவு. 2012 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 37,000 பேர் அளவில்தான். மாவட்டத் தலைநகர் என்று ஒன்றும் கிடையாது, பரமாரிபோவிலிருந்தே நிர்வாகம். மகன் தொலைபேசியில் கிடைக்காவிட்டால் எந்த ஊரில் தேடச் சொல்வீர்கள்? ஆலை எந்த ஊரில், எந்த ஆற்றங்கரையில் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரும்வரை ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம்.